ரெண்டாவது

விஸ்வநத்தம் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் "என்ன சத்தம்?" என்று கேட்பதில்லை. "ரெண்டாவது வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு மருந்து ரூம் வெடித்தால் பொறி பக்கத்து ரூமுக்குத் தாவும். அங்கே இருக்கிற சரக்கு கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெடிக்கும். முதல் வெடியில் சாகிறவர்கள் கூலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். ரெண்டாவதில் சாகிறவர்கள் அவர்களைத் தூக்கப் போனவர்கள்.

பாண்டிமுருகனின் தம்பி சங்கரபாண்டியன் அப்படித்தான் செத்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஓடினார்கள். வழியில் அண்ணனுக்கு மூத்திரம் முட்டியது, வேலியோரம் ஒதுங்கினான். தம்பி உள்ளே போய் நின்று, "ஒண்ணுமில்லண்ணே, அடங்கிருச்சு, வா" என்று கூப்பிட்டான். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் ரெண்டாவது வந்தது. தம்பியைச் சாக்கில் அள்ளித்தான் கொண்டுவந்தார்கள். அவன் மகன் முனியராஜ் அப்போது கைக்குழந்தை.

அதற்குப் பிறகு எங்கே வெடித்தாலும் பாண்டிமுருகன் ஓடிப்போய் வழியை மறித்து இரண்டு கைகளையும் விரித்து நிற்பான். முதல் தடவை அப்படி நின்றபோது ஊரே ஏசியது. புருஷனை உள்ளே விட்டிருந்த ஒருத்தி அவன் கையைக் கடித்தாள். அவள் பல் பதிந்திருக்கும்போதே ரெண்டாவது வந்தது. அங்கே நின்ற கூட்டம் பூராவும் பிழைத்தது. புருஷன் போய்விட்டான், ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி அவள் இவன் வீட்டுக்கு முறுக்குக் கொடுத்துவிடுகிறாள். அன்றிலிருந்து அவன் கை விரிந்தால் கூட்டம் நிற்கும். போலீஸ் லத்தியை ஓங்கினால்கூட நிற்காத கூட்டம்.

அவன் லட்சுமிகாந்தம் முதலாளியின் கம்பெனியில் ஃபோர்மேன். இந்தச் சீசனுக்கு முதலாளி புதிதாக ஒரு பேன்சி ரகம் இறக்கினார். வானத்தில் ஏறி வட்டமடித்து வெடிக்கும். பெட்டியின் மேல் விமானப் படம் போட்டு 'ஆகாய ராஜா' என்று பெயரும் வைத்தாயிற்று. வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகளுக்கு வெறும் படத்தைக் காட்டினால் போதாது, நிஜ விமானத்தையே குட்டிக்கரணம் போடவைத்துக் காட்டவேண்டும் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

விமானம் ஓட்ட வந்தவன் பெனிட்டோ. சாத்தூர்ப் பையன், அங்கே வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பொன்ராஜ் சாரின் மகன். வெளியூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற வேலை. முந்தின நாள் இடம் பார்க்கக் கம்பெனிக்கு வந்தவனைத் திரி வெட்டுகிற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏலேய், வானத்துல குட்டிக்கரணம் போடுறதுக்குச் சம்பளமாக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி. யாராக இருந்தாலும் அவளுக்கு ஏலேதான்.

"ஒங்களுக்கு மருந்துப் பக்கத்துல உக்காந்திருக்கதுக்குச் சம்பளம் குடுக்காகள்ல மதினி, அது மாதிரிதான்."

"நாங்க தரையில இருந்து மேல போவோம். நீ மேல இருந்து தரைக்கு வருவ. அம்புட்டுதான வித்தியாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். பாண்டிமுருகன் மட்டும், "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா" என்று அவளை அதட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரூம்கள் பூட்டிக் கிடந்தன. சீசன் சரக்கு உள்ளே கூரை முட்ட இருந்தது. அனுமதித்த அளவெல்லாம் சீசனில் யார் பார்த்தார்கள்? கம்பெனிக்கு எதிரே இருந்த தரிசில் பந்தல். வியாபாரிகளுக்குச் சோபா, வேலையாட்களுக்குத் தரை. பெண்களுக்கு ஒரே மாதிரி சேலை எடுத்துக்கொடுத்து, கை தட்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியோடு கிராமச் செவிலியர் வினோலியாவும் உட்கார்ந்திருந்தாள்.

விமானம் வந்தது. இறக்கையில் கட்டியிருந்த குழாய்களிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் புகை. செங்குத்தாக ஏறியது, தலைகீழாகக் கவிழ்ந்தது, திரும்பி நேரானது. பெண்கள் சொல்லாமலே கை தட்டினார்கள். முதலாளி மட்டும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வீடியோவுல கொசு மாதிரி தெரியுது தம்பி. கீழ வரச் சொல்லுங்க."

வாக்கி டாக்கி வைத்திருந்த நிகழ்ச்சி ஏற்பாட்டுக்காரன் தயங்கினான். "சார், இந்த உயரத்துக்குக் கீழ வரமாட்டேன்னு அவரு முன்னாடியே..."

"நான் என்ன கொசுவுக்கா ஆர்டர் குடுத்தேன்? வரச் சொல்லுங்கங்கேன்."

அவன் சொன்னான். முதல் தடவை மறுப்பு வந்தது. இரண்டாவது தடவை முதலாளியே வாக்கி டாக்கியை வாங்கிப் பேசினார். பெனிட்டோ கீழே வந்தான். சொந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் பார்க்கிறார்கள் என்று வந்தானோ, முதலாளியின் அதட்டலுக்கு வந்தானோ, அதை இனிமேல் யாரும் சொல்லமுடியாது. பந்தல் துணி படபடக்கிற உயரத்தில் ஒரு தடவை போனான். திரும்பி வந்து ஏறினான், கவிழ்ந்தான். நேராவதற்குத் தேவையான இடம் அவனுக்கும் தரைக்கும் நடுவில் இல்லை. கம்பெனியின் பின்வேலிக்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டில் வயிறு அடித்து விழுந்தது விமானம்.

சத்தம், ரூம் வெடித்த மாதிரியே கேட்டது. புழுதி எழும்பிக் கம்பெனியை மூடியது. கூட்டம் ஓடுவதற்கு எழுந்தது. பாண்டிமுருகன் அதற்கு முன்னாலேயே பாதையில் போய் நின்று கைகளை விரித்துவிட்டான்.

"யாரும் தாண்டாதீக! ரெண்டாவது இன்னும் வரல!"

கூட்டம் நின்றது. நிற்காமல் ஓடியவர்கள் வியாபாரிகள் மட்டும்தான். அவர்கள் ஓடியது தங்கள் கார்களுக்கு. ஒற்றைத் தார்ச்சாலையில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்த்து, முட்டிக்கொண்டு நின்றன. முதலாளியின் காரும் அதில் ஒன்று.

புழுதி அடங்கியபோது விமானத்தின் வால் கருவேலத்துக்கு மேலே தெரிந்தது. தீப்பிடிக்கவில்லை. கழன்று விழுந்த புகைக் குழாய் மட்டும் வேலியோரம் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுப் புகை மெதுவாக ரூம்களின் பக்கம் நகர்ந்தது. பிறகு குரல் கேட்டது.

"யாராவது வாங்க! கால் மாட்டிக்கிருச்சு!"

வினோலியா பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணே, ஆளு உசுரோட இருக்காரு. வழிய விடுங்க."

"காதுல விழுது தாயி. பொக ரூம் பக்கம் போவுது பாரு. உள்ள அம்புட்டும் சரக்கு. இப்பப் போனா நீயும் சேந்து போவ."

"அது கலர்ப் பொகண்ணே. கல்யாண வீட்டுல விடுற பொக."

"கல்யாண வீட்டுல பக்கத்துல மருந்து ரூமா இருக்கு?"

அவள் குனிந்து அவன் கைக்குக் கீழே நுழைந்தாள். முத்துப்பேச்சி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, சொன்னாக் கேளுத்தா. ரெண்டு பிள்ள பெத்தவ. ரெண்டாவது வந்து போகட்டும், நானே ஒன்கூட வாரேன்." வினோலியா திமிறினாள். இன்னும் நாலு பெண்கள் பிடித்தார்கள். எல்லோரும் அவள்மேல் பிரியம் உள்ளவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள் அவள்தான்.

மறுபடியும் குரல். இந்தத் தடவை இன்னும் பலமாக.

"ரெண்டாவது வராதுய்யா! எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்! ரெண்டாவது வராது, வாங்க!"

கூட்டம் அசைந்தது. அவன் சாத்தூரில் வளர்ந்தவன். எதற்காக ஒருவரும் கிட்டே வரவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

முனியராஜ் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே பாண்டிமுருகன் பக்கத்தில் வந்தான். கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன், இருபத்து நாலு வயசு. "பெரியப்பா, அவரே வராதுங்காருல்ல?"

"உள்ள மாட்டுனவன் அம்புட்டுப் பேரும் அப்படித்தாம்லே சொல்லுவான். ஒங்கப்பனும் அதத்தான் சொன்னான்."

முனியராஜ் படம் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தான். கூட்டமும் அடங்கியது. எல்லோரும் ரெண்டாவதுக்காகக் காத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குரல் கொஞ்ச நேரம் கூப்பிட்டது. பிறகு வார்த்தை இல்லாமல் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ரெண்டாவது வரவில்லை.

சிவகாசியிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வீரர்கள் இறங்கி நடந்தே வந்தார்கள். வேலியைப் பிரித்துக்கொண்டு போன ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, இங்க தீயே இல்லையே. எதுக்கு அங்கன நிக்கிறீங்க?"

பெனிட்டோவின் வலது தொடை தகரத்தில் கிழிந்திருந்தது. உடம்பில் வேறு பெரிய காயம் எதுவும் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் தரைத்தகடு முழுக்க ரத்தம் தேங்கியிருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்த வினோலியா நேராகப் பாண்டிமுருகனிடம் வந்தாள். அவன் தோளில் கிடந்த துண்டை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை வச்சு இறுக்கிக் கட்டியிருந்தாப் போதும்ணே. இந்தத் துண்டு போதும்."

திங்கட்கிழமை முதலாளி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். விமானியின் கவனக்குறைவு என்றார். தன் ஃபோர்மேன் மட்டும் இல்லையென்றால் கூட்டம் உள்ளே புகுந்து நூறு உயிர் போயிருக்கும் என்றார். பாண்டிமுருகனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி கையைத் தூக்கியபோது பழக்கத்தில் தலை தானாகக் குனிந்துவிட்டது. அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. அதே நாள், அனுமதிக்கு மேல் சரக்கு வைத்திருந்ததாக அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். சீசனில் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று.

முனியராஜ் எடுத்த வீடியோ அதற்குள் சிவகாசி முழுக்கச் சுற்றிவிட்டது. அதில் ஆள் யாரும் தெரியவில்லை. வேலியும், ஆரஞ்சுப் புகையும், விரித்த ஒரு கையும் மட்டும் தெரிந்தன. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பாண்டிமுருகன் டீக்கடைக்குப் போனால் யாராவது செல்போனைச் சத்தமாக வைப்பார்கள். "ரெண்டாவது வராதுய்யா, வாங்க!" உடனே ஒரு சிரிப்பு. "அண்ணாச்சிக்கு ரெண்டாவது டீ சொல்லுங்கப்பா." அன்றைக்கு அவன் கைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள்தான் இவர்கள். தாங்களும் நின்றோம் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவன் நிறுத்தினான் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பெனிட்டோவின் அப்பா பொன்ராஜ் சார் பாண்டிமுருகன் வீட்டுக்கு வந்தார். வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். பாண்டிமுருகனின் மனைவி கற்பகவல்லி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். தாகமாக இருந்திருக்கும், முழுவதும் குடித்தார்.

"வீடியோவைப் பாக்காதீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. பாத்தேன்" என்றார். "அது நடந்தப்போ நான் சர்ச்சுல இருந்தேன். போனை அணைச்சு வச்சிருந்தேன்."

பாண்டிமுருகன் நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க போயிருந்தா பிழைச்சிருப்பானா?"

கற்பகவல்லி புருஷனைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பிழைச்சிருப்பாரு சார்."

"நாளைக்கு இதே மாதிரி நடந்தா, போவீங்களா?"

"போவமாட்டேன் சார்."

"அப்போ எம்மவன் செத்தது உங்களுக்கு ஒண்ணும் கத்துக்குடுக்கல."

"எந்தம்பி செத்தது கத்துக்குடுத்துருச்சு சார். அதுக்கு மேல என்னத்தக் கத்துக்க?"

பொன்ராஜ் சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "மன்னிக்கணும்னு எங்க குருவானவர் சொன்னார். அதுக்காகத்தான் பஸ் ஏறினேன். எனக்கு வரலப்பா" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது கால் தடுமாறியது. பாண்டிமுருகன் தாங்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டு நடந்தார்.

கம்பெனியை மூடியதும் பெண்கள் கிடைத்த இடத்துக்கு வேலைக்குப் போனார்கள். முத்துப்பேச்சி போனது ஊருக்குக் கிழக்கே தோட்டத்துக்குள் லைசென்ஸ் இல்லாமல் நடந்த ஒரு ஷெட்டுக்கு. இரண்டே ரூம். அதிகாரி வருகிறார் என்றால் ஆட்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்கள், வீட்டில் அடுப்பு எரியவேண்டும்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் அங்கே முதல் ரூம் வெடித்தது.

பாண்டிமுருகன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். தோட்டத்துப் பாதையில் நின்று கைகளை விரித்தான். பின்னால் ஓடிவந்தவர்கள் பழக்கத்தில் நின்றார்கள். சுவர் இடிந்த ரூமிலிருந்து புகையும் பெண்களின் அலறலும் வந்தன. பக்கத்து ரூம் முழுசாக இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

"யாரும் தாண்டாதீக! ரெண்டா..."

"ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று ஒருவன் சொன்னான்.

முனியராஜ் பைக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "கைய எடுங்க பெரியப்பா."

"ஏலே, ஒனக்குச் சொல்லவேண்டாம். ஒங்கப்பன்..."

"எங்கப்பன் தூக்கப் போயிச் செத்தான். நீங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கீக. அன்னைக்கு ஒருத்தன ரத்தம் வடிய விட்டது போதாதா?"

அவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போனான். பிறகு கூட்டமே போயிற்று. பாண்டிமுருகனை இடித்துக்கொண்டு, அவன் காலை மிதித்துக்கொண்டு. அதில் கற்பகவல்லியும் இருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டினாள்.

அவன் பாதையில் தனியாக நின்றான். பூட்டிய ரூமையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுக்கு மேலே மெல்லிய புகை தெரிகிற மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. இப்போது வரும் என்று நினைத்தான். வரவில்லை. இப்போது வரும். வரட்டும். வந்தால் தெரியும் இவர்களுக்கு. வரட்டும் என்று அவன் மனசு மறுபடியும் சொன்னது. அந்தச் சொல்லை அவன் தெளிவாகக் கேட்டான். உள்ளே தம்பி மகனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். ஓரத்தில் குனிந்து, குடித்த டீயை வாந்தியெடுத்தான்.

நிமிர்ந்தபோது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தார்ப்பாயில் வைத்து மூன்று பெண்களைத் தூக்கி வந்தார்கள். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. முத்துப்பேச்சியின் இரண்டு கைகளும் வெந்திருந்தன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "ஏலே, மெதுவாத் தூக்குங்கலே எடுபட்ட பயலுகளா. நான் என்ன லோடா?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. யாரோ ஒருவன் முனியராஜைத் தோளில் தூக்கப் பார்த்தான். எத்தனையோ செல்போன்கள் அவன் பக்கம் திரும்பியிருந்தன. "அண்ணாச்சி, ஒங்க ரெண்டாவது இன்னைக்கு லீவு போட்டுருக்காம்" என்று ஒரு குரல் கேட்டது. கற்பகவல்லிகூடச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

தார்ப்பாய் அவனைக் கடந்தபோது முத்துப்பேச்சி தலையைத் தூக்கினாள். "அண்ணே, பூட்டுன ரூம்ல ஆளு இல்லண்ணே. அம்புட்டும் மருந்து. அவனுகள அங்கன போவவேண்டாம்னு சொல்லு."

பாண்டிமுருகன் திரும்பிப் பார்த்தான். கூட்டம் மறுபடியும் உள்ளே போயிருந்தது. பூட்டிய ரூமைச் சுற்றி நின்றது. "உள்ள ஆள வச்சுப் பூட்டியிருக்கானுக, ஒடைங்கலே" என்று கத்தினார்கள். முனியராஜ் கருங்கல் ஒன்றைத் தூக்கிப் பூட்டில் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் பூட்டில் பொறி பறந்தது.

பாண்டிமுருகன் ஓடினான். இத்தனை வருஷத்தில் அவன் தாண்டியதே இல்லை. இப்போது இடிந்த சுவரின் மேல் ஏறிக் குதித்துப் போனான். முனியராஜின் கையைப் பிடித்தான்.

"கல்லக் கீழ போடுலே! உள்ள ஆளு இல்ல. முத்துப்பேச்சி சொல்லுதா. மருந்துலே, பூராவும் மருந்து!"

முனியராஜுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கரி. கல்லைத் தலைக்கு மேலே பிடித்தபடியே பெரியப்பனைப் பார்த்தான்.

"நீங்க சொன்னா நம்பணுமாக்கும்? அன்னைக்கு அவரு சொன்னத நீங்க நம்புனீகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனியராஜ் கையை உதறி விடுவித்துக்கொண்டு கல்லை ஓங்கினான்.